தம்பிக்கு ட்ரமடால், அப்பாவுக்கு மார்ஃபின்: இரண்டையும் நிறுத்திவிடலாமா?

ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருடைய தம்பிக்கு 31 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, பிளேட் வைத்து அறுவை சிகிச்சை நடந்தது. வலிக்கு 50 மி.கி. ட்ரமடால் காப்ஸ்யூல், நாளைக்கு மூன்று வீதம் இரண்டு வாரத்துக்கு எழுதித் தந்தார்கள். அந்தச் சீட்டையே திரும்பத் திரும்பக் காட்டி வெவ்வேறு மருந்துக்கடைகளில் தம்பி வாங்கிக்கொண்டிருக்கிறார். இப்போது நாளொன்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு காப்ஸ்யூல். தூக்கத்துக்கு இரவில் அல்ப்ரஸோலம் 0.5 மி.கி. சில நாள் மதுவும் உண்டு. வேலைக்கு அடிக்கடி மட்டம். சென்ற மாதம் கைகால் வெட்டி இழுத்து நினைவு தப்பியது. அவசரப் பிரிவில் தலைக்கு ஸ்கேன் எடுத்து, ஒன்றும் இல்லை என்று சொல்லி, வலிப்பு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ட்ரமடால் பற்றி அங்கே யாரும் வாய் திறக்கவில்லை.

அதற்கு முன்பு ஒருமுறை தம்பி தானாகவே 12 நாள் நிறுத்தியிருக்கிறார். மறுபடி தொடங்கிய இரவில், பெரிதாகக் குறட்டை விட்டபடி, எழுப்ப எழுப்ப எழாமல், உதடு கறுத்துக் கிடந்தார். “அசதி, தூங்கட்டும்” என்று விட்டுவிட்டார்கள். காலையில் எழுந்துகொண்டார்.

அதே வீட்டில் அப்பா, 66 வயது. புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மி.கி. மார்ஃபின் மாத்திரை. “தம்பியைப் பார்த்த பயத்தில் மூன்று நாளாக அப்பாவுக்கு இரண்டு வேளை மட்டும் தருகிறேன். இரவெல்லாம் முனகுகிறார். ஆனாலும் கடைசிக் காலத்தில் அவரும் அடிமையாகிவிடக் கூடாதே” என்கிறார் வாசகி.

தம்பியை ஐந்து நாள் அறையில் பூட்டிவைத்துப் பழக்கத்தை விடவைக்கலாமா, அம்மா யாரிடமோ வாங்கிவந்த ‘பழக்கத்தை மறக்கடிக்கும்’ மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கலாமா, மூன்று மாத மறுவாழ்வு மையம் நல்லதா, மாற்று மருந்து என்பது ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதைதானே என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அப்பா. இந்தக் கடிதத்தில் இன்றைக்கே சரிசெய்யக்கூடியது அவருடைய வலிதான். வாய்வழி கொடுக்கும் சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை ஏறக்குறைய நான்கு மணி நேரம். அதனால்தான் ஆறு வேளை எழுதியிருக்கிறார்கள். இரண்டு வேளை கொடுத்தால் ஒரு நாளில் பதினாறு மணி நேரம் அவர் மருந்தே இல்லாமல் கிடக்கிறார். வலி ஏறியபின் கொடுத்து அடக்க முயல்வதைவிட, வலி ஏறுமுன் மணிப்படி கொடுப்பதில்தான் மார்ஃபின் நன்றாக வேலை செய்யும். மருந்து எழுதிய மருத்துவரை இன்றே தொலைபேசியில் பிடியுங்கள். மூன்று நாள் குறைத்ததைச் சொல்லி, பழைய அளவுக்கே திரும்பலாமா என்று கேட்டுக்கொண்டு தொடருங்கள்.

அதே அழைப்பில் இன்னும் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். நள்ளிரவில் எழுப்பாமல் இருக்க, படுக்கும்போது இரட்டை வேளையாகக் கொடுக்கலாமா? பலருக்கு அப்படித்தான் தருவார்கள். இடையில் வலி திமிறினால் கொடுக்கும் கூடுதல் வேளை எவ்வளவு? ஒரு நாளின் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு; அப்பாவுக்கு நாளைக்கு 60 மி.கி. என்றால் அது 10 மி.கி. மலமிளக்கி தொடங்கியாயிற்றா? மார்ஃபினால் வரும் மயக்கம் இரண்டு மூன்று நாளிலும் குமட்டல் ஒரு வாரத்திலும் பெரும்பாலும் குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் குறையாது. மருந்து இருக்கும்வரை மலமிளக்கியும் வேண்டும். சிறுநீர் மிகவும் குறைந்தாலோ, கைகால் துள்ளித் துள்ளி இழுத்தாலோ, பேச்சு குழம்பினாலோ அளவை மாற்றவேண்டியிருக்கும். உடனே மருத்துவருக்குத் தெரிவியுங்கள். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு மார்ஃபினின் எச்சம் உடம்பில் சேரும்.

உடம்பு பழகுவது வேறு, அடிமையாவது வேறு

உங்கள் பயத்தின் வேர் இங்கே இருக்கிறது. மார்ஃபின், ட்ரமடால், கோடீன், ஃபென்டனில், ஹெராயின் எல்லாம் ஓபியாய்டு குடும்பம். மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள ஒரே வகை ஏற்பிகளில், அதாவது மருந்து போய் உட்காரும் இடங்களில், ஒட்டிக்கொண்டு வலியைக் குறைக்கின்றன. சில வாரம் தொடர்ந்து எடுத்தால் யாருடைய உடம்பும் அதற்குப் பழகும். திடீரென்று நிறுத்தினால் யாருக்கும் உடம்பு உலுக்கும். அப்பாவுக்கும் அது வரும். அது நோயல்ல, மருந்தின் இயல்பு.

அடிமைத்தனம் என்று மருத்துவர்கள் சொல்வது நடத்தையில் தெரிவது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிட்ட வகைப்பாட்டில் இதற்குப் பதினொரு அடையாளங்கள் உண்டு. நினைத்ததைவிட அதிகமாக எடுப்பது, குறைக்க முயன்று தோற்பது, மருந்தைத் தேடுவதிலேயே நேரம் போவது, அடக்கமுடியாத ஏக்கம், வேலை கெடுவது, கேடு வந்தபிறகும் விடமுடியாமை போன்றவை. ஓர் ஆண்டுக்குள் இரண்டு இருந்தாலே கவனிக்க வேண்டும். ஆறும் அதற்கு மேலும் என்றால் தீவிரம். மருத்துவர் சொன்னபடி மட்டும் எடுப்பவருக்கு, அளவு கூடத் தேவைப்படுவதையும் நிறுத்தினால் உடம்பு உலுக்குவதையும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்பாவிடம் நீங்கள் விவரித்த எதுவும் இந்தப் பட்டியலில் வரவில்லை. வலி தாங்காமல் அடுத்த வேளையைக் கேட்பது அடிமைத்தனம் அல்ல. மருந்து போதவில்லை என்ற தகவல். தம்பியிடம், கடிதத்தை வைத்து எண்ணினாலே ஐந்தாறு தேறுகின்றன. நேரில் பார்க்காமல் நோயின் பெயரை முடிவு செய்யக் கூடாது. ஆனால் இது விளையாட்டுப் பழக்கமும் அல்ல, குணக்கேடும் அல்ல. சிகிச்சை உள்ள ஒரு நோய்.

“டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை எப்படிப் போதையாகும்?” என்று அம்மா கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். மருத்துவ உலகமே நெடுநாள் அப்படித்தான் நம்பியது. 1980இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் இந்த வகை மருந்து பெற்ற 11,882 பேரில் நால்வரிடம் மட்டுமே அடிமைத்தனம் பதிவானதாக அது சொன்னது. அவர்கள் எல்லாரும் உள்நோயாளிகள். மருந்து செவிலியர் கையில் இருந்தது. வீட்டில் மாதக்கணக்கில் தானே எடுத்துக்கொள்பவருக்கு அந்த எண் பொருந்தவே பொருந்தாது. இருந்தும், அதையே சான்றாகக் காட்டி நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதப்பட்டன. மருந்தும் தாராளமாகப் புழங்கியது. தம்பிக்கு முதலில் எழுதிய சீட்டு தவறல்ல. இரண்டு வாரம் இரண்டு ஆண்டானதுதான் கேடு.

வலிப்பு எங்கிருந்து வந்தது

தம்பிக்கு வலிப்பு நோய் வந்துவிட்டது என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டீர்கள். நான் அப்படிச் சொல்லத் தயாரில்லை. ட்ரமடால் வெறும் ஓபியாய்டு அல்ல. மூளையில் செரடோனின், நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள்களின் அளவுகளையும் ஏற்றும். வலிப்பு வரும் வாசலைத் தாழ்த்திவிடும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மி.கி.தான் உச்சவரம்பு. பன்னிரண்டு காப்ஸ்யூல் என்றால் 600 மி.கி. அல்ப்ரஸோலத்தை ஓரிரு நாள் விட்டுப்போனாலும் வலிப்பு வரலாம். மது இறங்கும் நேரத்திலும் வரலாம். மூன்று காரணங்களும் அவரிடம் இருக்க, அவசரப் பிரிவு மருத்துவருக்கு மூன்றும் தெரியாது.

ஆகவே நரம்பியல் மருத்துவரிடம் அளவு, நேரம் உட்பட முழு உண்மையையும் சொல்லுங்கள். அதுவரை வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் அதன் பெயரைப் பாருங்கள். கார்பமஸிபைன் என்றிருந்தால் உடனே தெரிவியுங்கள்: அது ட்ரமடாலை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றும். “மாத்திரை இப்போது பிடிக்கவே இல்லை” என்று இன்னும் இரண்டு கூடப் போட்டுக்கொள்வதில் கொண்டுபோய் விடும். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் ட்ரமடாலோடு சேர்ந்தால் வலிப்பு வரும் ஆபத்து கூடும். யாராவது எழுதித் தந்திருந்தால் அதையும் காட்டுங்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அவர் வண்டி ஓட்டக் கூடாது. தனியாக நீந்தவும் உயரத்தில் ஏறவும் கூடாது.

தம்பியின் முறிந்த காலையும் மறந்துவிடாதீர்கள். இரண்டு ஆண்டுக்குப் பிறகும் வலிக்கிறது என்றால் எலும்பு சரியாகக் கூடாமல் இருக்கலாம், பிளேட்டின் அருகில் கிருமித்தொற்று இருக்கலாம். எக்ஸ்ரேயும் எலும்பு மருத்துவரின் கண்ணும் தேவை. ஓபியாய்டு நீண்டகாலம் எடுப்பவர்களுக்கு வலியுணர்வே கூர்மையாகிவிடுவதும் உண்டு. அடுத்த வேளை தாமதமானால் பழைய காயம்தான் முதலில் வலிக்கும். “நடிக்கிறான்” என்று அம்மா சொல்வது பெரும்பாலும் தவறு. வலி உண்மையானது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் இப்போது வலியை வளர்க்கிறது.

ஐந்து நாள் பூட்டிவைத்தால்

வேண்டாம். ட்ரமடாலைத் திடீரென நிறுத்தினால் 12 மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் கொட்டாவி, மூக்கு ஒழுகல், வியர்வை, மயிர்க்கூச்சம், தசைக்குடைச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை என்று தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம். ஐந்து முதல் பத்து நாளில் பெரும்பாலும் அடங்கும். செரடோனின் பக்கமும் ஒரே நாளில் அறுந்துபோவதால் ட்ரமடாலுக்கு மட்டும் சிலரிடம் வேறு ஒரு முகம் உண்டு: கடும் பீதி, குழப்பம், இல்லாததைக் காண்பது, கைகால் கூச்சம். பூட்டிய அறைக்குள் இது வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இத்தோடு அல்ப்ரஸோலமும் நின்றால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம்; அதில் உயிரே போகலாம். அல்ப்ரஸோலத்தை ஒருபோதும் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். இரண்டு மருந்தையும் ஒரே சமயத்தில் குறைப்பதும் கூடாது. எது முதலில், எந்த வேகத்தில் என்பது மருத்துவர் போடும் அட்டவணை.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. பன்னிரண்டு நாள் நிறுத்தியபின் அன்றிரவு நடந்தது அசதி அல்ல. அது மருந்து மிகையாகி மூச்சு அடங்கிப்போன நிலை. பழகிய உடம்பு சில நாளிலேயே அந்தப் பழக்கத்தை இழந்துவிடும். மனதுக்குப் பழைய எண்ணிக்கைதான் ஞாபகம் இருக்கும். முன்பு தாங்கிய பத்து காப்ஸ்யூல், இடைவெளிக்குப் பிறகு மூச்சை நிறுத்தப் போதுமானது. சிறையிலிருந்தோ மையத்திலிருந்தோ வெளியே வந்த முதல் இரண்டு வாரம் ஓபியாய்டு மரணங்கள் அதிகம் நிகழும் காலம் என்பது இதனால்தான். உடம்பிலிருந்து மருந்தை வெளியேற்றுவதோடு நிற்கும் எந்த ஏற்பாடும், அது உங்கள் அறையாக இருந்தாலும் பெரிய மையமாக இருந்தாலும், இந்த ஆபத்தை உருவாக்கிவிட்டு ஆளை வீட்டுக்கு அனுப்புகிறது.

சாப்பாட்டில் கலக்கும் மாத்திரை

அம்மா வாங்கிவந்ததை இன்றே வாங்கிப் பூட்டிவையுங்கள். பெயர் தெரியாத இத்தகைய மாத்திரையில் எதுவும் இருக்கலாம். டைசல்ஃபிராம் என்றால் அது மதுவுக்கான மருந்து. ட்ரமடாலுக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் தெரியாமல் சாப்பிட்டபின் மது அருந்தினால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து, இதயம் தடுமாறலாம். நால்ட்ரெக்ஸோன் என்றால் இன்னும் மோசம். அது ஏற்பிகளில் உட்கார்ந்திருக்கும் ஓபியாய்டைத் தள்ளிவிட்டு இடத்தை அடைத்துக்கொள்ளும். பல நாள் பரவி வரவேண்டிய உலுக்கல் அரை மணி நேரத்தில் மொத்தமாக வந்து, ஒரு நாளுக்கும் மேல் நீடிக்கலாம். நால்ட்ரெக்ஸோன் நல்ல மருந்துதான். ஆனால் ஓபியாய்டு முற்றிலும் நின்று ஏழு முதல் பத்து நாள் ஆனபிறகு, நோயாளி தெரிந்து, சம்மதித்து எடுக்க வேண்டியது. ஏமாற்றிக் கொடுத்ததாகத் தெரிந்த நாளிலிருந்து உங்கள் கையால் தரும் எதையும் அவர் நம்பமாட்டார் என்பதையும் அம்மாவுக்குச் சொல்லுங்கள்.

மாற்று மருந்து இன்னொரு போதையா

இல்லை. ஏன் என்று சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் தம்பிக்கு நான் முன்னிலைப்படுத்துவது இதைத்தான்.

ஓபியாய்டு பழக்கத்துக்கு மருத்துவர்கள் தரும் மாற்று மருந்துகளான பியூப்ரினார்ஃபின், மெத்தடோன் இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005இல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. இவற்றில் ஒன்றைத் தொடர்ந்து எடுப்பவர்களின் மரண அபாயம், எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறையப் பாதியாகிறது. பியூப்ரினார்ஃபின் ஏற்பியில் இறுகப் பற்றும். ஆனால் அதை அரைகுறையாகத்தான் தூண்டும். அதனால் உடம்பு உலுக்குவதும் ஏக்கமும் அடங்கும். ஓர் அளவுக்கு மேல் மருந்தைக் கூட்டினாலும் மயக்கமும் மூச்சுக் குறைவும் அதே வேகத்தில் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும். நான்கு மணிக்கொருமுறை அடுத்த காப்ஸ்யூலைத் தேடிக்கொண்டிருந்த ஆள், காலையில் ஒன்றை நாக்கடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம். போதையில் நாள் முழுவதும் மருந்தைச் சுற்றித்தான் ஓடும். இங்கே நாள் அவர் கைக்குத் திரும்புகிறது. உடம்பு இதற்கும் பழகும், உண்மை. அப்பாவைப் பற்றிச் சொன்ன அதே வேறுபாடுதான் இங்கும்.

ட்ரமடாலையே சிறிது சிறிதாகக் குறைக்கலாமே என்று கேட்கலாம். சொன்ன அளவிலேயே எடுத்துக்கொண்டிருப்பவருக்கு அதுதான் சரியான வழி. ஓர் ஆண்டுக்கு மேல் எடுத்தவர் என்றால் மாதத்துக்குப் பத்து சதவீதம், குறைந்த காலமே எடுத்தவர் என்றால் வாரத்துக்குப் பத்து சதவீதம் என்ற வேகத்தில் குறைப்பார்கள். உடம்பு அடம்பிடித்தால் அதே படியில் சில வாரம் நிற்கலாம், வலுக்கட்டாயமாக முன்னே தள்ளுவதில்லை. தம்பி 600 மி.கி. வரை போய், ஒரு வலிப்பும் ஒரு மூச்சடக்கமும் கண்டவர். எண்ணிக்கையும் அவர் கையில் நிற்கவில்லை. அந்த அளவில் மாதக்கணக்கில் இருப்பதே ஆபத்து. எனவே பியூப்ரினார்ஃபினுக்கு மாறுவது நல்லது என்பது என் கருத்து. நேரில் பார்க்கும் மனநல மருத்துவர் முடிவு செய்யட்டும். அவரை இரண்டொரு நாளுக்குள் பார்த்துவிடுங்கள். அதற்குள் தம்பி தானாகவே எல்லாவற்றையும் நிறுத்திவிடவும் வேண்டாம்.

தொடங்கும் முறையில்தான் பலருக்குச் சறுக்குகிறது. பியூப்ரினார்ஃபினும் ஏற்பியில் இருப்பதைத் தள்ளிவிட்டு உட்காரும். நாற்காலியில் ஆள் இருக்கும்போதே பிடித்துத் தள்ளினால் சண்டைதான் வரும். அதனால் கடைசி ட்ரமடாலுக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம், மெதுவாகக் கரையும் வகை என்றால் அதைவிட நீண்ட நேரம் காத்திருந்து, உலுக்கல் அறிகுறிகள் தெளிவாகத் தெரிந்தபின்தான் முதல் வேளை. மருத்துவர்கள் இதை மதிப்பெண் போட்டு அளப்பார்கள். வழக்கமாக 2 அல்லது 4 மி.கி. கொடுத்து ஓரிரு மணி நேரம் பார்த்து, தேவைப்பட்டால் மறுபடி கொடுப்பார்கள். முதல் நாளில் மொத்தம் 8 மி.கி. அளவில் நிறுத்துவது வழக்கம். காத்திருக்க முடியாமல் சீக்கிரமே எடுத்துவிட்டு “இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்று ஓடிவிடுபவர்கள் நிறைய. ட்ரமடால் எடுத்தவர்களுக்கு நிலையான அளவு பெரும்பாலும் குறைவாகவே போதும். ஆனால் செரடோனின் பக்கத்து அறிகுறிகளை பியூப்ரினார்ஃபின் அடக்காது, பதற்றமும் தூக்கமின்மையும் சில வாரம் தொடரலாம். இது தெரிந்திருந்தால் “பலிக்கவில்லை” என்று விடமாட்டார்.

மாத்திரையை நாக்கடியில் வைத்து, முழுதாகக் கரையும்வரை பேசாமல், விழுங்காமல் இருக்க வேண்டும். விழுங்கினால் பெரும்பகுதி வீண். கரைந்தபின் தண்ணீரால் வாய் கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்துப் பல் துலக்கட்டும். பல் சிதைவைத் தவிர்க்க இது தேவை. மதுவும் அல்ப்ரஸோலமும் இதோடு சேர்ந்தால் மூச்சுக்கு ஆபத்து. இருந்தாலும் அல்ப்ரஸோலம் எடுக்கிறார் என்பதற்காகவே பியூப்ரினார்ஃபினை மறுப்பது சரியல்ல. மறுப்பதால் வரும் கேடு அதைவிடப் பெரிது.

எவ்வளவு நாள்? மாதக்கணக்கில், பலருக்கு ஆண்டுக்கணக்கில். சில வாரத்தில் நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் பழைய மருந்துக்குத் திரும்புகிறார்கள், அதுவும் உடம்பு பழக்கம் இழந்த நிலையில். எப்போது நிறுத்துவது என்பதைத் திருமணம், வெளியூர் வேலை என்று நாள் குறித்து முடிவு செய்யாதீர்கள்.

மையத்தில் சேர்ப்பதற்கு முன்

நல்ல மையங்கள் இருக்கின்றன. மருத்துவக் கண்காணிப்பில் தொடங்க வேண்டியவருக்கு, குறிப்பாக வலிப்பு கண்ட தம்பிக்கு, சில நாள் உள்நோயாளியாக இருப்பது பாதுகாப்பும்கூட. ஆனால் பணம் கட்டுமுன் கேளுங்கள். மருத்துவர் தினமும் வருகிறாரா? பியூப்ரினார்ஃபின் அல்லது மெத்தடோன் தருகிறார்களா, அல்லது “மருந்தே இல்லாத சிகிச்சை” என்று பெருமையாகச் சொல்கிறார்களா? அப்படிச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். குடும்பத்தாரைப் பார்க்கவும் பேசவும் விடுகிறார்களா? வெளியே வந்தபின் எந்தத் தேதியில், யாரிடம் தொடர்சிகிச்சை? அடிப்பது, கட்டிப்போடுவது, பட்டினி போடுவது எங்கே நடந்தாலும் அது சிகிச்சையல்ல, குற்றம்.

தம்பி வயதுவந்தவர். சிகிச்சைக்கு அவருடைய சம்மதம் வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து போன்ற நிலைகளுக்குச் சட்டம் தனி வழி வைத்திருக்கும். அதுவும் மருத்துவர் மூலம்தான், வீட்டாரோ மையத்தின் ஆட்களோ தாங்களாகத் தூக்கிக்கொண்டு போவதற்கு அல்ல. அவர் சொல்வதை மருத்துவர் அவருடைய அனுமதியின்றி உங்களிடம் சொல்லமாட்டார். ஆனால் நீங்கள் கண்டதை மருத்துவரிடம் சொல்ல எந்தத் தடையும் இல்லை.

அந்த இரவு மறுபடி வந்தால்

நாலோக்ஸோன் என்ற மருந்து ஓபியாய்டின் பிடியை நிமிடங்களில் தளர்த்தும். மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாகவும் ஊசியாகவும் உண்டு. மருத்துவர் அல்லாதவர்களும் கொடுக்கலாம் என்று 2014இலேயே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. தம்பியின் மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டு வாங்கி, கொடுக்கும் முறையை வீட்டில் எல்லாரும் கற்றுக்கொள்ளுங்கள்.

எழுப்பினால் எழவில்லை, மூச்சு மிக மெதுவாக அல்லது விட்டுவிட்டு வருகிறது, தொண்டையில் கரகரவென்ற குறட்டை, உதடும் நகமும் நீலமாகவோ கருமையாகவோ மாறுகின்றன, கண்மணி ஊசிமுனை அளவு என்றால்:

1. பெயர் சொல்லிக் கத்தி அழையுங்கள். நெஞ்செலும்பின் மேல் விரல் முட்டியால் அழுத்தித் தேயுங்கள்.
2. அசையவில்லை என்றால் ஆம்புலன்ஸை அழையுங்கள். “மூச்சு சரியாக இல்லை” என்று முதலில் சொல்லுங்கள்.
3. மல்லாக்கக் கிடத்தி, ஒரு நாசியில் ஸ்ப்ரேயை முழுதாக அடியுங்கள்.
4. தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, மூக்கைப் பொத்தி, ஐந்து வினாடிக்கு ஒருமுறை வாயோடு வாய் மூச்சு கொடுங்கள். நாடித்துடிப்பே இல்லை என்றால் ஆம்புலன்ஸ்காரர் தொலைபேசியில் சொல்வதுபோல் நெஞ்சழுத்தம் கொடுங்கள்.
5. இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பவில்லை என்றால் இரண்டாவது ஸ்ப்ரே.
6. மூச்சு வந்ததும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். தனியே விடாதீர்கள்.

நாலோக்ஸோன் 30 முதல் 90 நிமிடம்தான் வேலை செய்யும்; விழுங்கிய மருந்து அதைவிட நேரம் நிற்கும். “எழுந்துவிட்டேன், போகவேண்டாம்” என்று அவர் சொன்னாலும் மருத்துவமனைக்குப் போயே ஆகவேண்டும். ட்ரமடால் மிகையை நாலோக்ஸோன் ஓரளவுதான் திருப்பும், வலிப்பு வரவும் வாய்ப்புண்டு. அல்ப்ரஸோலத்தையும் மதுவையும் அது தொடவே தொடாது. அப்படியும் மூச்சு அடங்கிய நிலையில் கொடுக்கத்தான் வேண்டும். தலையில் தண்ணீர் ஊற்றுவது, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது, காபி புகட்டுவது எல்லாம் மூச்சுக்குழாயை அடைக்கும் வழிகள்.

ஓர் எச்சரிக்கை: இந்த ஸ்ப்ரேயை அப்பா தூங்கிவழிவதைப் பார்த்து அவருக்கு அடித்துவிடாதீர்கள். அவருடைய வலி முழுவதும் ஒரே நொடியில் திரும்பிவரும். எழுப்பினால் பதில் சொல்கிறார், மூச்சு சீராக இருக்கிறது என்றால் அது மயக்கமே தவிர மிகையல்ல. எந்த நிலையில் என்ன செய்வது என்று அவருடைய மருத்துவரிடம் முன்னதாகவே எழுதி வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துப்பெட்டி, பணம், பேச்சு

அப்பாவின் மார்ஃபின் திறந்த அலமாரியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பூட்டுள்ள பெட்டி, ஒரே சாவி, ஒருவர் பொறுப்பு. ஒரு நோட்டில் தேதி, நேரம், கொடுத்தது, மீதி. மாத்திரை எண்ணுவது தம்பியைத் திருடன் என்று சொல்வதாகாது. கண்முன் இருக்கும் சோதனையை எடுத்துவிடுவது. இனித் தேவைப்படாத மாத்திரைகளை வைத்திருக்காமல் மருந்துக்கடையிலோ மருத்துவமனையிலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அம்மா தம்பிக்குப் பணம் தருவது, அவர் துடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல்தான். கைப்பணம் வேண்டாம், மருத்துவர், பரிசோதனை, போக்குவரத்து இவற்றுக்கு நேரடியாகச் செலவழியுங்கள். பேசும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்: மயக்கத்திலும் இல்லாமல், உலுக்கலிலும் இல்லாமல், மாத்திரை போட்டு ஓரிரு மணி நேரம் கழிந்த தெளிவான நேரம். ஒருவர் மட்டும் பேசுங்கள். “எங்களை அழித்துவிட்டாய்” என்று தொடங்காமல், “அன்றிரவு உன் உதடு கறுத்திருந்தது, நான் பயந்துபோனேன். டாக்டரைப் பார்க்க ஒருமுறை என்னோடு வா” என்று கண்டதையும் வேண்டியதையும் மட்டும் சொல்லுங்கள். “துடிக்காமல் இறக்கிவிட மருந்து இருக்கிறது” என்ற செய்தியை அவர் காதில் கட்டாயம் போடுங்கள். வர மறுக்கும் பலருக்கு உண்மையில் இருப்பது அந்த ஐந்து நாள் பற்றிய பயம்.

அப்படியும் மறுத்தால், அவர் பெயரில் நேரம் வாங்கி நீங்கள் மட்டும் போய்வாருங்கள். காப்ஸ்யூல் எண்ணிக்கை, கடைசியாக எத்தனை மணிக்கு எடுத்தார், அல்ப்ரஸோலம், மது, வலிப்பு வந்த நாள், அந்தப் பன்னிரண்டு நாள், இப்போதைய வலிப்பு மாத்திரையின் பெயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். அழைத்தவுடன் அன்றே பார்ப்பார்களா என்றும் கேட்டுவையுங்கள். மனம் மாறுவது பெரும்பாலும் மாத்திரை தீர்ந்துபோன ஒரு காலைப் பொழுதில்தான். அடுத்த அட்டை கைக்கு வந்துவிட்டால் அந்தச் சம்மதமும் போய்விடும். அதற்குள் புறப்பட்டுவிட வேண்டும்.